ஒழுக்கு எங்கே?

வெலிமடையில் வாழ்பவனுக்குக் காரிலே குளிரூட்டி எதற்கு என்று கேட்பவர்களை நான் குறைகூற மாட்டேன். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்திலே, உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் நடுவே அமைந்த ஊர் இது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் காரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் வண்டியைச் செலுத்த வேண்டும். கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கினாலோ, ஹக்கலைப் பக்கமிருந்து வரும் காற்று காதை அறுக்கும். இத்தகைய ஊரிலே குளிரூட்டியின் பொத்தானைத் தொடாமலே ஒருவன் ஆண்டு முழுவதையும் கழித்துவிடலாம். நானும் அவ்வாறே கழித்தேன். தொடாமல் இருந்ததுதான் பிழை என்பதை அறிந்துகொள்வதற்கு எனக்கு ஓராண்டுக் காலமும், கணிசமான பணமும், என் தாயாரின் ஒரு மயக்கமும் தேவைப்பட்டன.

நான் விஞ்ஞான ஆசிரியன். இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு மறைவெப்பத்தைப் பற்றிப் பாடம் சொல்லி வருகின்றேன். ஆனால் அந்த மறைவெப்பம் என் காரின் உள்ளேயே இயங்கிக்கொண்டிருக்க, அதில் நேர்ந்த கோளாறு இன்னதென எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியாரின் காருக்கும் அது பொருந்தும் போலும்!

2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறை. மட்டக்களப்பிலே வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மாவை அழைத்துக்கொண்டு காலையிலே புறப்பட்டேன். அம்மாவுக்கு வயது எழுபத்து நான்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடையைத் தலையிலே மாட்டிக் கொழுந்து பறித்தவர். இப்பொழுது இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். மலையைவிட்டு இறங்கிப் பழக்கமில்லாதவர்.

வெலிமடையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிறவனுக்கு வழி கேட்கும் வேலையே இல்லை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா வழியாக எங்கள் ஊருக்கு வரும் அதே ஏ-5 வீதிதான் ஹாலிஎல, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கிச் செங்கலடியிலே போய் முடிகிறது. ஆனால் அந்த ஒரே வீதியிலே இரண்டு தேசங்கள் இருக்கின்றன. ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை கூடும் என்பது புத்தகக் கணக்கு. சித்திரை மாதத்து நண்பகலிலோ இலங்கையிலே சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. லுணுகலையைக் கடந்ததும் அம்மா போர்வையைக் கழற்றினார். பிபிலையைக் கடந்ததும் முந்தானையால் விசிறலானார். நான் பெருமிதத்தோடு, “பொறுங்கள் அம்மா, ஒரு நிமிடத்தில் நுவரெலியாவைக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிக் குளிரூட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

வந்தது நுவரெலியா அன்று. அடுப்பங்கரைக் காற்று.

மகாஓயாவிலே புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அவ்வூரை நெருங்கியபொழுது என் காரின் உள்ளேயும் ஓர் ஊற்று இருந்தது எனலாம். கண்ணாடிகளை இறக்கினேன், அனல் உள்ளே வந்தது. அம்மாவின் பேச்சு நின்றதை நான் சற்றுத் தாமதித்தே கவனித்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் தலை சாய்ந்திருந்தது. வீதியோரத்து மருதமரத்தின் கீழே வண்டியை நிறுத்தி, முகத்திலே தண்ணீர் தெளித்து, ஈரத் துவாயைக் கழுத்திலே சுற்றி விசிறினேன். கால் மணி நேரத்தின் பின் கண்விழித்து, “பயப்படாத ராசா, ஒண்ணுமில்ல” என்று சொன்னார். அந்தக் கால் மணி நேரத்திலே நான் நினைத்தவற்றை எழுத எனக்கு மனமில்லை. ஈரத் துவாயிலிருந்து ஆவியாகிய நீர் அவருடைய உடம்பின் வெப்பத்தைக் கவர்ந்து சென்றது. அவரை மீட்டது நான் வகுப்பிலே சொல்லும் அதே பாடந்தான் என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

மருமகன் நலமாகப் பிறந்தான். திரும்பி வருமுன் வழியிலே ஒரு கராஜில் காரைக் காட்டினேன். “காஸ் இல்லை” என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். காற்றுக் குளிர்ந்தது. மகிழ்ச்சியோடு மலையேறினேன். வெலிமடை வந்ததும் பொத்தானை அணைத்தேன். எட்டு மாதம் அதைத் தொடவில்லை. மார்கழி விடுமுறையிலே மருமகனைப் பார்க்க மறுபடியும் இறங்கினேன். பிபிலை தாண்டியதும் மறுபடியும் அதே அனல். வேறோர் ஊரிலே வேறொரு கராஜ். அங்கும் நிரப்பினார்கள். காற்று வடிகட்டியையும் மாற்றினார்கள். மறுபடியும் குளிர். மறுபடியும் மலையேற்றம். 2025 சித்திரையிலே புறப்படுவதற்கு முதல் வாரம், முன்யோசனையோடு வீட்டு வாசலிலேயே பொத்தானை அழுத்திப் பார்த்தேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை.

“வண்டியையே மாற்றிவிட்டால் என்ன?” என்றனர் நண்பர்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்துவிட்டால் மட்டும் போதுமா? விலையைக் கேட்ட ஆசிரியன் தன் பழைய வண்டியை அன்போடு தடவிக்கொடுத்துவிட்டு வீடு திரும்புவான். “மறுபடியும் காஸ் அடிக்கத்தான் வேண்டும்” என்று நான் சலித்துக்கொண்டேன். திண்ணையிலே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

“ஏன் தம்பி, நம்ம லயத்துல தகரம் ஒழுகினப்போ ஒங்கப்பா என்ன செஞ்சாரு?”

எனக்கு நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழையிலே எங்கள் லயன் காம்பிராவின் கூரைத்தகரம் ஒழுகும். ஒழுகுகிற இடத்திலே சட்டியை வைப்போம். சட்டி நிறைந்தால் ஊற்றிவிட்டு மறுபடியும் வைப்போம். இரண்டு நாள் பார்த்த அப்பா, மூன்றாம் நாள் மழைவிட்ட வேளையிலே கூரைமேல் ஏறினார். ஓட்டையைக் கண்டு தார் பூசி அடைத்தார்.

“தகரத்துல ஓட்டைய வச்சுக்கிட்டு சட்டிய மாத்தி மாத்தி வச்சா வீடு காயுமா?” என்றார் அம்மா.

பட்டதாரியாகிய எனக்கு இந்த வினா எழவில்லை. மூடிய குழாய்க்குள்ளே சுற்றுகிற வாயு, பெற்றோலைப்போல் எரிந்து தீர்ந்துவிடும் பொருளன்று. குறைந்தால் எங்கோ ஒழுகுகின்றது என்பதே பொருள். இருமுறை நிரப்பியவர்களும் அதைத் தேடவில்லை; தேடுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

பண்டாரவளையிலே குளிரூட்டி வேலையில் வல்ல இளைஞன் ஒருவன் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றேன். காரின் அடியிலிருந்து எழுந்து வந்தவன் என்னைக் கண்டதும் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, “சேர்!” என்றான். என்னிடம் படித்தவன். படித்தவன் என்பதைவிட என் வகுப்பில் உறங்கியவன் என்பதே பொருந்தும். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலே சித்தியடையாதவன். கொழும்பிலே நான்கு ஆண்டும் கட்டாரிலே ஐந்து ஆண்டும் இத்தொழில் பழகி, ஊர் திரும்பிச் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தான். பெயரைச் சொன்னால் நாணுவான், விட்டுவிடுகின்றேன்.

அவன் கருவி எதையும் உடனே எடுக்கவில்லை. நாடி பார்க்கும் வைத்தியனைப்போல் முதலில் வினாக்களைத் தொடுத்தான். காற்று பலமாக வருகிறதா? பலமாக வந்தும் சூடாக இருக்கிறதா? காற்றே மெலிந்திருந்தால் வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது ஊதும் விசிறி பழுதாகியிருக்கலாம். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது மட்டும் சூடாகிறதா? அப்படியானால் முன்புறத்து மின்விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை பாவிக்கிறீர்கள்? இந்தக் கடைசி வினாவை வேறு எவரும் என்னிடம் கேட்டதில்லை. “வெலிமடையில் எதற்கப்பா? எட்டு மாதத்திற்கு ஒருமுறைதான்” என்றேன். அவன் புன்னகை செய்தான்.

பின்பு எஞ்சினை இயக்கிப் பொத்தானை அழுத்தச் சொல்லிச் செவிசாய்த்தான். கொம்பிரசரின் முகப்பிலுள்ள கிளச் பற்றிக்கொள்ளும்போது ‘டக்’ என்று ஓர் ஓசை எழ வேண்டும். எழவில்லை. பியூசைப் பார்த்தான், நன்றாயிருந்தது. எஞ்சினை நிறுத்தி, அமுக்கமானியைக் குழாயிலே பொருத்தினான். அன்றைய வெப்பநிலை இருபது பாகை. குழாய்க்குள் திரவமும் வாயுவும் போதியளவு இருப்பின், அந்த வெப்பநிலையில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 70 இறாத்தல் அமுக்கம் காட்ட வேண்டும். முள் 20 இலே நின்றது.

“கிளச் பழுதில்ல சேர். காஸ் கொறஞ்சா சுவிச் வெலங்கிக்கும். கொம்பிரசர ஓட விடாது. எண்ணெயும் காஸோட சேந்துதான் சுத்துது. காஸ் இல்லாம ஓடினா எண்ணெயும் வராது, கொம்பிரசர் செத்துப்போகும்.”

இவ்விடத்திலே, மாணவ நேயர்களுக்காகச் சிறிது பாடம் சொல்ல விரும்புகின்றேன். மண்பானையிலே தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசிந்த நீர் ஆவியாகும்பொழுது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்து எடுத்துக்கொள்ளுகிறது. காரின் குளிரூட்டியும் ஒரு மண்பானையே. ஆனால் இப்பானை ஆவியை வெளியே விடுவதில்லை. பிடித்துவைத்து மறுபடியும் திரவமாக்குகிறது. எஞ்சினாற் சுழற்றப்படும் கொம்பிரசர் வாயுவை அமுக்குகிறது. அமுக்கப்பட்ட வாயு சூடேறுகிறது. ரேடியேற்றருக்கு முன்னாலுள்ள கொன்டென்சரிலே அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் நுண்ணிய துவாரமுடைய வால்வு வழியாக அமுக்கம் குறைந்த பகுதிக்குட் பாய்ந்து, அங்கே ஆவியாகி, டாஷ்போர்டின் உள்ளேயுள்ள குழாய்த் தொகுதியைக் குளிரச் செய்கிறது. அதன் மீது விசிறி ஊதும் காற்றே நமக்குக் குளிராக வருகிறது. இக்கார்களிலே பாவிக்கப்படும் ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்திற்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின் அதனை ஆவியாக்குவதற்கு அடுப்பு வேண்டியதில்லை. நம்முடைய வெயிலே போதும்.

இனி ஒழுக்குக்கு வருவோம். அவன் மின்சூளை அடித்து, கொம்பிரசரின் முகப்பை விரலால் தடவி என்னிடம் காட்டினான். விரலிலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தன. “காஸ் கண்ணுக்குத் தெரியாது சேர். ஆனா போற எடத்துல எண்ணெய்ய விட்டுட்டுப் போகும்” என்றான். அதனோடு அவன் திருப்தியடையவில்லை. எஞ்சியிருந்த வாயுவை வெளியே விடாமல் ஓர் உருளைக்குள் இழுத்துச் சேமித்துவிட்டு, குழாயிலே நைதரசனை அமுக்கத்தோடு ஏற்றி, சந்தேகமுள்ள இடங்களில் எல்லாம் சவர்க்கார நீரைத் தடவினான். கொம்பிரசரின் தண்டு வெளிவரும் இடத்திலே மட்டும் சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அந்தத் தண்டைச் சுற்றி மெல்லிய அடைப்பு வளையம் ஒன்று உண்டு. குளிரூட்டி ஓடும்போது எண்ணெய் சுற்றிவந்து அதை நனைத்துக்கொண்டிருக்கும். மாதக் கணக்கில் ஓடாதிருந்தால் வளையம் உலரும், உலர்ந்தால் ஒழுகும். வெயிலூர்க்காரனின் கார் வேலை செய்து தேய்கிறது. மலையூர்க்காரனாகிய என்னுடைய கார் வேலை செய்யாமலே தேய்ந்திருக்கிறது.

வளையம் கொழும்பிலிருந்து வர மூன்று நாளாயிற்று. அதை மாற்றினான், குழாயிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திக் குப்பியையும் மாற்றினான். பிறகு வெற்றிடப் பம்பியை இணைத்து முக்கால் மணி நேரம் ஓடவிட்டான். ஏன் அவ்வளவு நேரம்? உள்ளே நீர்த்துளி தங்கினால் அது வால்வில் உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு கூடி அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். வெற்றிடத்திலே நீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். மலையுச்சியில் பருப்பு ஏன் வேகாது என்று வகுப்பிலே கேட்கிறோமே, அதே தத்துவம்.

பம்பி ஓடிய அந்த முக்கால் மணி நேரம் நாங்கள் தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருந்தோம். வாயுவை வெளியே விடாமல் ஏன் சேமித்தாய் என்று கேட்டேன். “கட்டார்ல வெளிய விட்டா வேலயே போயிரும் சேர்” என்றான். காரணமில்லாத கட்டுப்பாடன்று அது. பழைய கார்களில் இருந்த ஆர்-12 என்னும் வாயு வானத்து ஓசோன் படலத்தை அழிக்கும் என்று ரோலண்டும் மொலினாவும் 1974 இல் எச்சரித்தனர். 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. 1995 இல் அவ்விருவரும் குருட்சன் என்பவரோடு நோபல் பரிசு பெற்றனர். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் புவியைச் சூடாக்குவதிலே அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வல்லது. அதனால் 2016 இல் கிகாலியிலே செய்த திருத்தத்தின்படி அதுவும் படிப்படியாகக் குறைக்கப்படவுள்ளது. என் காருக்கு வேண்டியது 400 கிராம். அங்கேயே ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒருமுறை நிரப்பிய வாயு முற்றாக ஒழுகினால், அது ஏறக்குறைய 250 லீற்றர் பெற்றோலை எரித்ததற்குச் சமம்! குளிரைத் தேடிய நான், ஊரை அல்லவோ சூடாக்கியிருக்கின்றேன்!

கணக்கை அவனிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னான்: “சேர், ஒங்க பாடத்துல எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ஒருநாள் எல்லார் கையிலயும் ஸ்பிரிட் தடவி ஊதச் சொன்னீங்க. ஜில்லுன்னு இருந்திச்சு. அன்னிக்கு மட்டும் நான் தூங்கல.”

“மற்ற நாட்களில் ஏனப்பா தூங்கினாய்?” என்று, பதினைந்து ஆண்டு கழித்து, அன்றுதான் கேட்டேன்.

வாரத்தில் மூன்று இரவுகள், தகப்பனுக்குத் துணையாகக் கெப்பெட்டிபொலச் சந்தையிலே விடியும்வரை மரக்கறி மூட்டை ஏற்றியதாகச் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு விடையாகவே சொன்னான். அவனுக்கு நான் மேலதிக வகுப்பு வைத்தது உண்டு. குறிப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதச் செய்ததும் உண்டு. தகப்பனை அழைத்து, “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று கைவிரித்ததும் உண்டு. நிரப்பினேன், நிரப்பினேன், மறுபடியும் நிரப்பினேன். ஒழுக்கு எங்கே என்று ஒருநாளும் தேடவில்லை. என் காருக்கு இரு கராஜ்காரர் செய்ததைவிட நான் அவனுக்குச் செய்தது எவ்வகையில் மேலானது? தேநீர் ஆறிப்போயிருந்தது.

பம்பி நின்றது. முள் ஏறாமல் இருக்கிறதா என்று மேலும் கால் மணி நேரம் காத்திருந்து பார்த்த பின்பே, தராசிலே நிறுத்து 400 கிராம் வாயுவை ஏற்றினான். கூடினாலும் குளிராது, குறைந்தாலும் குளிராது என்றான். ‘டக்’ என்ற ஓசை எழுந்தது. குழாய்களிலே ஒன்று சூடேறியது, மற்றொன்று வியர்த்தது. பள்ளிக்கூடத்து வெப்பமானியைக் காற்றுத் துவாரத்திலே வைத்தேன். 7 பாகை. அவன் பெற்ற கூலி, நான் முன்னே இருமுறை நிரப்பக் கொடுத்த தொகையிலும் குறைவு.

புறப்படும்போது அவன் எனக்கு மூன்று பாடம் சொன்னான். குளிர்காலமோ மழைக்காலமோ, வாரத்திற்கு ஒருமுறை பத்து நிமிடம் குளிரூட்டியை ஓடவிட வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டே குளிரூட்டியைப் போட வேண்டும். ஒழுக்கைத் தேடாமல் நிரப்பித் தருகிறேன் என்பவனிடமும், ஒழுக்கை அடைக்கும் மருந்து டின்னை விற்பவனிடமும் வண்டியைக் கொடுக்கலாகாது. அம்மருந்து ஒழுக்கை அடைப்பதோடு நல்ல வழிகளையும் அடைத்துவிடக்கூடும்.

வாரந்தோறும் பத்து நிமிடம் ஓடவிடத் தொடங்கியபோது வேறொன்றையும் கண்டேன். குளிரூட்டி காற்றிலுள்ள ஈரத்தையும் வடித்துவிடுகிறது. பனிக்காலத்து விடியலிலே கண்ணாடியின் உட்புறத்தில் படரும் புகாரை, குளிரூட்டியும் சூடேற்றியும் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் துடைத்துவிடுகின்றன. வெலிமடையில் வாழ்பவனுக்குக் குளிரூட்டி எதற்கு என்று இனி எவரேனும் கேட்டால் எனக்கு விடை உண்டு. இத்தனை ஆண்டும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்!

ஆவணி விடுமுறையிலே அம்மாவோடு மட்டக்களப்புக்கு இறங்கினோம். அதே மருதமரத்தைக் கடந்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், “குளிருது ராசா, கொஞ்சம் கொற” என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் என்மீது சுமத்திய குற்றச்சாட்டுகளிலே இவ்வளவு இனிமையானதை நான் கேட்டதில்லை.

இவ்வாண்டு என் வகுப்பிலே கடைசி வாங்கில் ஒரு சிறுவன் இருக்கின்றான். திங்கட்கிழமை தோறும் உறங்குவான். சென்ற வாரம் அவனை எழுப்பவில்லை, மணி அடித்த பிறகு தனியே அழைத்து, “இரவில் எங்கே இருந்தாய்?” என்று கேட்டேன். அவன் சொன்ன விடையை இங்கே எழுதுவது முறையன்று. அன்று மாலையே அவனுடைய வீட்டுக்குப் புறப்பட்டேன். தோட்டத்துப் பாதை; நல்ல பனி. பொத்தானை அழுத்தினேன். வாரத்திற்குரிய பத்து நிமிடம் அன்றைக்கு மீதமிருந்தது.